தாக்கல் வந்துச்சா?

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு தேர்தல் சமயத்தில், புதுக்கோட்டையில் நடந்தது இது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எங்கள் செய்தி இணையதளத்தின் அலுவலகம். மாவட்டச் செய்திகளை மட்டும் போடுகிற சின்னத் தளம். ஆசிரியர் ஒருவர், நான், படங்களுக்கும் தட்டச்சுக்கும் ஒரு பெண், ஊருக்கு ஒருவராகச் சில பகுதிநேர நிருபர்கள். அவ்வளவுதான் எங்கள் படை.

எனக்குச் சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். அதற்கு முன் சென்னையில், ஆன்லைனில் துணி விற்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். எந்தச் சேலையை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தொட்டுப் பார்க்காமலே ஓடினார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் வேலை. கணவருக்குப் புதுக்கோட்டைக்கு மாற்றல் வந்ததால் வேலையை விட்டுவிட்டு மூட்டை கட்டினோம். வந்த இடத்தில் சும்மா இருக்க முடியாமல் இந்த இணையதளத்தில் சேர்ந்தேன். சேலை பார்க்கிறவர்களைப் படித்தவளுக்குச் செய்தி படிக்கிறவர்களைப் படிப்பது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குத்தான் பின்னால் சரியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டேஷ்போர்டு என்று சொன்னால் யாரும் பயப்பட வேண்டாம். இணையதளத்தின் பின்பக்கம் நமக்கு மட்டும் தெரிகிற ஒரு பலகை அது. இந்த நிமிடம் எத்தனை பேர் படிக்கிறார்கள், எந்த ஊரிலிருந்து, எந்தச் செய்தியில் எத்தனை நொடி நின்றார்கள், தேடல் பெட்டியில் என்ன வார்த்தையைப் போட்டுத் தேடினார்கள் என்று எல்லாம் அதில் வரும். யார் என்று மட்டும் வராது.

நான் சேர்ந்த புதிதில் ஆசிரியர் இதைக் கிளி ஜோசியம் என்றுதான் சொல்லுவார். "என்னம்மா, கிளி இன்னைக்கு என்ன சீட்டு எடுத்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். முப்பது வருடம் அச்சுப் பத்திரிகையில் ஓடிய மனிதர். ஆனால் ரெண்டே மாதத்தில் அவரும் மாறிவிட்டார். காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே என் அறிக்கையைத்தான் கேட்பார். தினமும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பேன். எனக்கோ பலகையில் வாசகர் எண்ணிக்கைக் கோடு மேலே ஏறினால் அன்று முழுக்கக் காலில் சக்கரம் கட்டினது போல் இருக்கும், இறங்கினால் சாப்பாடு இறங்காது.

எங்கள் தளத்தின் முகப்பில் 'கடலோரம்' என்று ஒரு பகுதி இருந்தது. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், கட்டுமாவடிச் செய்திகள். காற்று எப்படி, எத்தனை படகு போனது, எத்தனை திரும்பியது, யாராவது எல்லைப் பக்கம் பிடிபட்டார்களா, பிடிபட்டால் யார் யார் என்று ஒரு பட்டியல். அனுப்புகிறவர் ஜெகதாப்பட்டினத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் மேற்பார்வை பார்த்துக்கொண்டே எங்களுக்கும் நிருபராக இருந்தவர். முப்பது வயது இருக்கும். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன்.

அந்தப் பகுதியை டேஷ்போர்டில் வைத்துப் பார்த்தால் பரிதாபமாக இருந்தது. வருகிற கொஞ்சம் பேரும் இருபது நொடிக்கு மேல் நிற்பதில்லை. ஊர் வரிசையில் ஜெகதாப்பட்டினம் என்ற பெயரே கிடையாது. எல்லாம் சென்னை, மதுரை என்றுதான் காட்டியது. கடலோரத்து ஆட்களே படிக்காத கடலோரச் செய்தி எதற்கு என்று ஆசிரியரிடம் ஒரு நாள் பொரிந்து தள்ளினேன். அதை முகப்பிலிருந்து எடுத்துவிட்டு, அந்தச் செய்திகளை 'பிற செய்திகள்' என்ற மூட்டையில் போட்டுவிடலாம் என்றேன். அவர் அரைமனதாகத்தான் ஒத்துக்கொண்டார்.

நிருபருக்கு நான்தான் போன் செய்து சொன்னேன். 

"படிக்கிறாங்கக்கா. நான் தெனமும் கண்ணால பாக்குறேனே."

"கண்ணால பாக்குறது வேற தம்பி, டேட்டா வேற" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த மிதப்பு இப்போதும் எனக்குக் கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் கூசுகிறது.

முகப்பிலிருந்து கடலோரத்தை எடுத்தது ஒரு வியாழக்கிழமை. மறுநாளே தேடல் பெட்டியில் ஒரு வார்த்தை தலைகாட்டியது. தாக்கல். சனிக்கிழமை அது முதல் இடத்துக்கு வந்துவிட்டது. "தாக்கல்", "இன்னைக்கு தாக்கல்", "தாக்கல் வந்துச்சா", "தாக்கல் உண்டா" என்று விதவிதமாக வந்துகொண்டே இருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம்தான் வேட்புமனுத் தாக்கல் தொடங்கியிருந்தது. மக்களுக்கு அரசியலில் இத்தனை ஆர்வமா என்று வியந்துபோனேன். "தாக்கல் வந்துச்சா" என்று ஏன் கேட்கிறார்கள், "செஞ்சாச்சா" என்றல்லவா கேட்க வேண்டும் என்று ஒரு கணம் உறுத்தியதுதான். கைபேசியில் மைக்கை அமுக்கி வாயால் பேசித் தேடுகிறார்கள், பேச்சு வழக்கு அப்படித்தான் இருக்கும் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்தப் பக்கத்துப் பேச்சு எனக்கு எட்டு மாதப் பழக்கம். பக்கத்து மேஜையில் இருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. டேஷ்போர்டு பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற எண்ணம் கழுத்தைத் திரும்ப விடவில்லை.

ஆசிரியருக்குக் கொடுத்த அறிக்கையிலும் அந்த வார்த்தையை அப்படியே எழுதவில்லை. 'நாமினேஷன் செய்திகளை அதிகம் தேடுகிறார்கள்' என்று மொழிபெயர்த்து எழுதினேன். என் தப்பிலேயே பெரிய தப்பு அதுதான். அந்த மனிதர் கண்ணில் 'தாக்கல் வந்துச்சா' என்ற இரண்டு வார்த்தை பட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் உடைந்திருக்கும்.

பிறகென்ன, நாமினேஷன் செய்தியாகப் போட்டுத் தள்ளினோம். பொன்னமராவதியில் யார் மாட்டு வண்டியில் வந்து மனு கொடுத்தார், அறந்தாங்கியில் யார் மேளதாளத்தோடு வந்தார், மனுவில் என்ன இணைக்க வேண்டும் என்று ஒன்று விடவில்லை. தேடி வந்தவர்கள் செய்தியைத் திறந்ததும் மூன்றே நொடியில் ஓடினார்கள். நீளம் அதிகம் போலிருக்கிறது என்று சுருக்கினேன். அப்போதும் ஓடினார்கள். படம் போதவில்லை என்று படத்தைச் சேர்த்தேன். பசியோடு வந்தவர்களுக்கு நான் பாட்டுக்குப் பாயை மாற்றி மாற்றி விரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமையோடு மனுத் தாக்கல் முடிந்தது. இனிமேல் அந்தத் தேடல் அடங்கிவிடும் என்று எதிர்பார்த்துப் புதன்கிழமை காலையில் பலகையைத் திறந்தால், அடங்கவில்லை. விடிந்ததிலிருந்து ஏறியிருந்தது. ஒரே கைபேசியிலிருந்து மறுபடி மறுபடி அதே வார்த்தையைத் தேடியிருப்பதும் தெரிந்தது.

சரியாகப் பத்தரை மணிக்கு அலுவலகக் கைபேசி அடித்தது. தளத்தில் போட்டிருக்கிற எண் அது, என் மேஜையில்தான் இருக்கும். எடுத்தேன். ஒரு பெண் குரல், மூச்சு வாங்கியது.

"தாக்கல் எதுவும் வந்துச்சாங்க?"

எனக்கு உற்சாகமாகிவிட்டது. இத்தனை நாள் எண்ணாக மட்டும் இருந்த வாசகர் ஒருவர் குரலோடு வந்துவிட்டாரே!

"தாக்கலா? அதுதான் முடிஞ்சு போச்சுங்களே."

"முடிஞ்சு போச்சா?"

"ஆமாங்க. நேத்தோட எல்லாம் முடிஞ்சுது. இனிமே ஒண்ணும் இல்லைங்க."

 எதிர்முனையில் கைபேசி எதன்மேலோ விழுகிற ஓசை. "என்னடி, என்ன சொன்னாங்க?" என்று தள்ளி யாரோ கேட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு அலறல் வந்தது. இணைப்பு அறுந்துவிட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். யாரோ வேட்பாளர் வீட்டு அம்மா, தேதியைக் கோட்டை விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, ஆசிரியரின் அறைக்குப் போய் அதை வேடிக்கையாகச் சொன்னேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன கேட்டாங்கன்னு சொன்னீங்க?"

"தாக்கல் வந்துச்சான்னு கேட்டாங்க சார். முடிஞ்சு போச்சுன்னு சொன்னேன்."

டம்ளரைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, இங்கிட்டெல்லாம் தாக்கல்னா சேதிம்மா. ஆளு என்ன ஆனாங்க, எங்க இருக்காங்கங்கிற தகவல். அது வந்துச்சான்னு கேட்டிருக்காங்க. நீங்க முடிஞ்சு போச்சுன்னா அவங்க என்னன்னு எடுத்துக்குவாங்க?"

 அடுத்த கேள்வியை அவர் கேட்பதற்குள் எனக்கே நினைவு வந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் கடலோர நிருபர் இரண்டு வரி அனுப்பியிருந்தார். காற்று பலமாக இருக்கிறது, மூன்று விசைப்படகுகள் இன்னும் கரை திரும்பவில்லை என்று. இரண்டு வரிதானே, இன்னும் நாலைந்து சேர்ந்ததும் மொத்தமாகப் போடலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

அந்தப் பெண்ணின் எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. நிருபருக்கு அடித்தேன். அவர் எடுத்ததும் அவர் குரலுக்கு முன்னால் பின்னாலிருந்து அழுகைச் சத்தம்தான் கேட்டது. ஒருத்தி அழுவது இல்லை, பல பேர்.

"அக்கா, நம்ம ஆபீஸ்லேர்ந்து யாரோ எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்களாம். இங்க ஐஸ் கம்பெனி வாசல்ல ஒரே அழுகையா இருக்கு. யாரு சொன்னது?"

"நான்தான் தம்பி" என்றேன்.  ஆசிரியர் கைபேசியை வாங்கி நடந்ததைச் சொன்னார்.

அந்தத் தம்பி என்னை என்ன வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். நான் அவருடைய பகுதியைப் பிடுங்கியவள், அவர் அனுப்பிய செய்தியை ஒதுக்கியவள். ஒன்றும் கேட்கவில்லை. படகுகளைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ இன்னும் ஒரு தகவலும் வரவில்லை, மீனவர் சங்கத்து ஆட்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். அந்தப் பெண்ணிடம் போய்த் தவறாகச் சொல்லிவிட்டார்கள் என்று எடுத்துச் சொல்வதாகவும் சொன்னார். "மத்ததை அப்புறம் பாப்போம்க்கா" என்று வைத்துவிட்டார்.

நான் போக வேண்டும் என்றேன். ஆசிரியர் காரை எடுத்தார். ஜெகதாப்பட்டினம் போக எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும்.  முடிஞ்சு போச்சு, முடிஞ்சு போச்சு என்று என் குரலே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவேளை படகுகள் நிஜமாகவே கவிழ்ந்திருந்தால் என்ன செய்வேன், நான் சொன்னது பலித்துப்போனால் அந்த வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன் என்றே நினைப்பு போனது. சாமி பெயர் எதுவும் அவ்வளவாகச் சொல்லாதவள் நான். அன்று தெரிந்த சாமி அத்தனை பேரையும் கூப்பிட்டேன்.

அறந்தாங்கியைத் தாண்டுவதற்குள் நிருபர் கூப்பிட்டார். "அக்கா, ஆளுங்க உசுரோட இருக்காங்க!" என்று கத்தினார். காற்றில் எல்லைப் பக்கம் ஒதுங்கிவிட்டார்களாம். அந்தப் பக்கத்துக் கடற்படை மூன்று படகையும் பிடித்து வைத்திருக்கிறதாம். பன்னிரண்டு பேரும் பத்திரம். சங்கத்துக்குப் பெயர்கள் வந்துவிட்டன. ஆசிரியர் காரை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பிடிபட்டார்கள் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான்.

நிருபர் பட்டியலைப் படம் பிடித்து அனுப்பினார். கோடு போட்ட தாளில் பேனாவால் எழுதினது. பெயர், தகப்பனார் பெயர், படகு எண். நான் அந்த இடத்திலேயே, சாலையோரப் புளிய மரத்தடியில் நின்றுகொண்டு, கைபேசியில் ஒவ்வொரு பெயராகத் தட்டினேன். ஒரு பெயர் இரண்டு பேருக்கு இருந்தது. தகப்பனார் பெயரை இரண்டு தடவை சரிபார்த்தேன். பட்டியல் எல்லாம் ஒரு செய்தியா என்று கேட்டவள் நான்தான். முகப்பில் எல்லாவற்றுக்கும் மேலே அதை ஏற்றி, தலைப்பில் "தாக்கல் வந்திருக்கிறது: பன்னிரண்டு பேரும் பத்திரம்" என்று போட்டேன்.

பழக்கதோஷம், டேஷ்போர்டைத் திறந்தேன். எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஊர் என்ற இடத்தில் சென்னை, மதுரை என்றே காட்டியது. சென்னையில் இருப்பவர்களா இப்போது இதைத் தேடுகிறார்கள்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. கைபேசியில் படிக்கிறவரை, அந்த நெட்வொர்க் எந்தப் பெரிய ஊர் வழியாக வருகிறதோ அந்த ஊர்க்காரராகப் பலகை காட்டிவிடும். துணிக் கம்பெனியில் இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். இங்கே வந்ததும், எனக்கு வசதியாக இருந்ததால், மறந்துபோயிருந்தேன்.

ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி வாசலில் கார் நின்றபோது மணி ஒன்றரை. அழுகை ஓய்ந்திருந்தது. ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கைபேசியைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். அங்கிட்டு இன்னொரு கைபேசி, அதைச் சுற்றி ஒரு கூட்டம். ஒரு ஆள் படிக்க, மற்றவர்கள் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் 'ஒரு பயனர், இருபது நொடி' என்று அறிக்கையில் எழுதியது இதைத்தான். ஒரு பெயர் இருக்கிறதா என்று பார்க்க இருபது நொடி போதும் என்பதும் அங்கே நிற்கும்போதுதான் புரிந்தது.

நிருபர் ஓடி வந்தார். அந்தப் பெண்ணை அடையாளம் காட்டினார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தோளில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கண் இரண்டும் வீங்கியிருந்தன. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்றார்கள். பட்டியலை நிருபர் காட்டியிருக்கிறார், பக்கத்து வீட்டுப் பெண்கள் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். எதையும் நம்ப மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். நம்மைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார்கள் என்று அவளுக்கு நினைப்பு. ஆபீஸில் சொன்னதுதான் உண்மை, மற்றதெல்லாம் ஆறுதல்.

நான் அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். காலையில் போனில் பேசியது நான்தான், வார்த்தை புரியாமல் உளறிவிட்டேன், மன்னித்துக்கொள் என்று எப்படியோ சொன்னேன். சுற்றி நின்றவர்களில் ஒரு அம்மா, "படிச்சவங்கதானே நீங்க? ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லக் கூடாதா?" என்று என்னைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டார். நியாயமான கேள்வி. தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பெண் மட்டும் திட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரலை அடையாளம் கண்டுகொண்டாள் என்று நினைக்கிறேன்.

"நீங்கதானே முடிஞ்சு போச்சுன்னு சொன்னீங்க. அந்த வாயாலயே மாத்திச் சொல்லுங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. நிருபர்தான் மெல்ல, "பேரைப் படிங்கக்கா" என்றார்.

கைபேசியை எடுத்துப் பட்டியலைத் திறந்தேன்.  அவள் கணவர் பெயரை, அவருடைய தகப்பனார் பெயரோடு, படகு எண்ணோடு படித்தேன். "உசுரோட இருக்காங்க. நல்லா இருக்காங்க. காலையில நான் சொன்னது தப்பு" என்று சத்தமாகச் சொன்னேன்.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டாள், சொன்னேன். அப்போதுதான் உடைந்து அழுதாள். குழந்தை விழித்துக்கொண்டு அதுவும் அழுதது. யாரோ ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். குடித்தாள். பத்தரை மணியிலிருந்து அதுவரை, மூன்று மணி நேரம், கணவன் உயிரோடு இருக்க ஒருத்தியை நான் விதவையாக உட்கார்த்தி வைத்திருந்தேன். அவள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கும் மூச்சு ஒழுங்காக வந்தது.

"எங்க அவுக பேரும் இருக்கா, பாத்துச் சொல்லுங்க" என்று இன்னொரு பெண் கேட்டார். "எங்க தம்பி பேரு?" என்றார் வேறொருவர். அவர்கள் எல்லோரும் அதை ஏற்கெனவே படித்துவிட்டவர்கள்தான். ஆனாலும் கேட்க வேண்டும் போலிருந்தது அவர்களுக்கு. எழுந்து நின்று பன்னிரண்டு பெயரையும் முதலிலிருந்து படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு இடத்திலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. நான் எழுதி ஏற்றிய எந்தச் செய்திக்கும் அப்படி ஒரு வரவேற்பை எந்தப் பலகையும் காட்டியதில்லை.

கிளம்பும்போது எங்களை மீன் சோறு சாப்பிடாமல் விடவில்லை. என்னை உலுக்க வந்த அதே அம்மாதான் பரிமாறினார். "கோவத்துல கேட்டுட்டேன், மனசுல வைக்காதீங்க, இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்கங்க" என்றார். இவர்களைத்தான் ஊர் வரிசையிலேயே இல்லாதவர்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.

திரும்பி வரும் வழியில் ஆசிரியரிடம் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கிளி தப்பா எடுக்கலைம்மா. சீட்டைச் சரியாத்தான் எடுத்துக் கொடுத்துச்சு. நாமதான் தப்பா வாசிச்சோம். நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துருங்க" என்றார். நாமதான் என்று அவர் தன்னையும் சேர்த்துக்கொண்டதை நான் மறக்கவில்லை.

மறுநாளே கடலோரம் முகப்புக்குத் திரும்பி வந்தது. பெயரை மட்டும் மாற்றினோம். 'இன்றைய தாக்கல்' என்று வைத்தோம். தேர்தல் நேரத்தில் குழப்பமாக இருக்காதா என்று படம் போடுகிற பெண் கேட்டாள். "குழம்புறது நான் ஒருத்திதான், மத்த எல்லாருக்கும் புரியும்" என்றேன். சிரித்துவிட்டாள். அந்தப் பகுதி இப்போதும் காலை ஏழு மணிக்கு முன்னால் ஏறிவிடும். இப்போதும் ஆட்கள் இருபது நொடிதான் நிற்கிறார்கள். தேடல் பெட்டியில் அந்த வார்த்தையைத் தேடுவது மறுவாரமே நின்றுபோனது, தேட வேண்டிய அவசியம் இல்லாமல் போனதால். நான் பார்த்ததிலேயே எனக்குப் பிடித்த இறக்கம் அதுதான்.

டேஷ்போர்டை நான் விட்டுவிடவில்லை. அதில்லாமல் எங்களுக்கு வேலை ஓடாது. ஆனால் அறிக்கையில் வாசகர்கள் தேடிய வார்த்தைகளை அவர்கள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். வாரம் ஒரு முறை அலுவலகத்தில் எல்லோரும் உட்கார்ந்து அதை வாய்விட்டுப் படிப்போம். எனக்குத் தெரியாத வார்த்தை வந்தால் அர்த்தம் கேட்பேன். மேற்கிலிருந்து வருகிற நிருபர் ஒன்று சொல்வார், கடற்கரையிலிருந்து வருகிறவர் வேறொன்று சொல்வார். அதில் சண்டையும் சிரிப்புமாக அரைமணி நேரம் போகும். எங்கள் வேலையில் அதைவிட உருப்படியான அரைமணி வேறு இல்லை.

நாற்பது நாள் கழித்து ஒரு மத்தியானம் அலுவலகக் கைபேசி அடித்தது. எடுத்தவுடன், "யாரு, வேலூர் அக்காவா?" என்று கேட்டாள். அதே குரல், இந்தத் தடவை மூச்சு வாங்கவில்லை. படகு அங்கேயே நிற்கிறது, ஆட்களை விட்டுவிட்டார்கள், இப்போதுதான் வீட்டு வாசலில் வந்து இறங்கினார் என்றாள். "பேப்பர்ல போடுறதுக்கு முன்னாடி ஒங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. ஒரு நிமிஷம் இருங்க, அவுககிட்டயே குடுக்குறேன்" என்றாள். ஒரு ஆண் குரல், வெட்கப்பட்டுக்கொண்டு, "வந்துட்டேங்க" என்றது.  "நல்லா இருங்க" என்றேன்.

தப்பாகச் சொன்ன வாயாலேயே அதை மாற்றிச் சொல்ல எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைத்தது, அதுவும் நான் யாரை அழ வைத்தேனோ அவளே கொடுத்தது என்பதால், யாராவது ஒன்றைக் கேட்டால் பதில் சொல்வதற்கு முன்னால் அவர் என்ன கேட்கிறார் என்று இன்னொரு தரம் கேட்டுக்கொள்கிறேன்.